4–1 என்று சொன்ன அதிபர்: கால்பந்து முடிவுகளை எண்களால் கணிப்பது எப்படி?

1970 ஜூன் 21 அன்று மெக்சிகோ நகரின் அஸ்டெகா மைதானத்தில் பிரேசிலும் இத்தாலியும் உலகக்கோப்பை இறுதி ஆட்டத்தில் மோதின. பிரேசிலை அப்போது ஆண்டவர் ராணுவ ஜெனரல் எமிலியோ மெடிசி. டிரான்சிஸ்டர் ரேடியோவைக் காதில் வைத்தபடி மைதானத்தில் உட்கார்ந்திருக்கும் அவருடைய படங்கள் அந்த நாட்டில் பிரபலம். பிரேசில் 4–1 என்று ஜெயிக்கும் என அவர் முன்பே சொல்லியிருந்தார். பெலே முதல் கோலை அடித்தார், கார்லோஸ் ஆல்பர்டோ கடைசிக் கோலை அடித்தார், ஆட்டம் 4–1 என்றே முடிந்தது.

பிரேசிலின் ராணுவ ஆட்சி 1964 முதல் 1985 வரை நீடித்தது. அதில் மெடிசி ஆண்ட 1969 முதல் 1974 வரையிலான காலம்தான் சித்திரவதைக்கும் தணிக்கைக்கும் பேர்போனது. அப்படிப்பட்டவர் சொன்ன எண் அப்படியே பலித்தது. அப்படியானால் அவர் நல்ல கணிப்பாளரா? இந்தக் கேள்விக்குக் கணக்குப் போட்டுப் பதில் சொல்லப் பழகிவிட்டால், சர்வதேசக் கால்பந்தைக் கணிக்கும் கலையின் அடிப்படை கைக்கு வந்துவிடும். முதலில் கருவிகளைப் பார்ப்போம், பிறகு மெடிசியிடம் வரலாம்.

நாடுகள் ஆடும் ஆட்டத்தைக் கணிப்பது கிளப் ஆட்டத்தைக் கணிப்பதைவிடக் கடினம். ஒரு கிளப் அணி ஆண்டுக்கு ஐம்பது ஆட்டங்கள்கூட ஆடும். ஒரு தேசிய அணிக்கு அதில் கால்பங்கு கிடைத்தாலே அதிகம். அதிலும் பல நட்பு ஆட்டங்கள். பயிற்சியாளர் புதுப் பையன்களைச் சோதித்துப் பார்ப்பார், இடைவேளைக்குப் பிறகு பாதி அணி மாறியிருக்கும். தென் அமெரிக்க அணியும் ஆசிய அணியும் நேருக்கு நேர் மோதுவதே அபூர்வம். போதாததற்குக் கால்பந்தில் கோல்கள் குறைவு. 2022 உலகக்கோப்பையில் 64 ஆட்டங்களில் விழுந்தவை 172 கோல்கள், அதாவது ஆட்டத்துக்குச் சராசரியாக 2.7. கோல் குறையக் குறைய ஒரு தவறான பெனால்டி, ஒரு வழுக்கல் முழு ஆட்டத்தையும் புரட்டிப்போடும். பலவீனமான அணி ஜெயிக்கும் வாய்ப்பு கூடைப்பந்தில் இருப்பதைவிட இங்கே அதிகம்.

சதுரங்கத்திலிருந்து வந்த கருவி

முதல் கருவியைக் கொடுத்தவர் அர்பாட் எலோ. ஹங்கேரியில் பிறந்து அமெரிக்காவில் இயற்பியல் பேராசிரியராக இருந்தவர், நல்ல சதுரங்க வீரர். அவர் வகுத்த முறையை அமெரிக்கச் சதுரங்கக் கூட்டமைப்பு 1960-லும் உலகக் கூட்டமைப்பு 1970-லும் ஏற்றுக்கொண்டன. தமிழ்நாட்டில் சதுரங்கம் ஆடும் பிள்ளைகள் 'என் ரேட்டிங் இவ்வளவு' என்று சொல்லும் அதே ரேட்டிங்தான் இது.

இதன் அடிப்படை எளிது. ஒவ்வொரு அணிக்கும் ஒரு புள்ளி உண்டு. இரண்டு அணிகளின் புள்ளி வித்தியாசத்திலிருந்து, வலுவான அணி எவ்வளவு எடுக்க வேண்டும் என்று ஓர் எதிர்பார்ப்பு கிடைக்கும். ஆட்டம் முடிந்ததும் உண்மையில் எடுத்ததை அந்த எதிர்பார்ப்போடு ஒப்பிட வேண்டும். வெற்றிக்கு 1, சமனுக்கு 0.5, தோல்விக்கு 0. எதிர்பார்ப்பைவிட அதிகம் எடுத்தால் புள்ளி ஏறும், குறைந்தால் இறங்கும். ஒருவர் இழப்பது மற்றவருக்குப் போகும். பழைய ஆட்டங்களை ஒவ்வொன்றாக நினைவில் வைத்திருக்கத் தேவையில்லை. அவை எல்லாமே அந்த ஒரு எண்ணுக்குள் கரைந்திருக்கும்.

ஃபிஃபா 2018 ஆகஸ்டில் ஆண்கள் தரவரிசையை இந்த முறைக்கு மாற்றியது. அதற்கு முன்பிருந்த சூத்திரம் ஆட்டங்களின் சராசரியைப் பார்த்தது. மதிப்புக் குறைந்த நட்பு ஆட்டங்கள் ஆடினால், ஜெயித்தாலும் சராசரி இறங்கக்கூடும். போலந்து இதைப் புரிந்துகொண்டு, 2018 உலகக்கோப்பைக் குலுக்கலுக்கு முந்தைய மாதங்களில் நட்பு ஆட்டங்களையே தவிர்த்து, குலுக்கலில் வலுவான அணிகளுக்கு ஒதுக்கிய முதல் கூடையில் இடம்பிடித்தது. ஆடாமல் இருந்தால் முன்னேறலாம் என்று ஒரு தரவரிசை சொல்லுமானால் அது அணியின் பலத்தை அளக்கவில்லை என்றுதான் பொருள்.

புதிய முறைக்கு ஓர் உதாரணம். 2022 நவம்பர் 22 அன்று கத்தாரின் லுசைல் மைதானத்தில் அர்ஜென்டினா சவுதி அரேபியாவைச் சந்தித்தது. அர்ஜென்டினாவின் புள்ளி சுமார் 1774, சவுதியின் புள்ளி சுமார் 1438. வித்தியாசம் 336. ஃபிஃபாவின் சூத்திரத்தில் இதை 600-ஆல் வகுக்க வேண்டும்: 0.56. பத்தின் அடுக்காக மைனஸ் 0.56-ஐப் போட்டால் 0.275 வரும். அதோடு 1 கூட்டி, அந்த 1.275-ஆல் 1-ஐ வகுத்தால் 0.78. இதுதான் அர்ஜென்டினாவின் எதிர்பார்ப்பு.

இங்கே பலரும் தடுக்கி விழுகிறார்கள். 0.78 என்பது வெற்றி வாய்ப்பு 78 சதவீதம் என்று பொருள்படாது. சமனுக்கும் அரைப் பங்கு இதில் அடங்கியிருக்கிறது. வெற்றி 68 சதவீதம், சமன் 20 சதவீதம் என்று இருந்தாலும் கூட்டினால் 0.78 தான் வரும்.

மெஸ்ஸி பத்தாவது நிமிடத்தில் பெனால்டியில் கோல் அடித்தார். இடைவேளைக்குப் பிறகு ஐந்தே நிமிட இடைவெளியில் சவுதி இரண்டு கோல்கள் அடித்து 2–1 என்று ஜெயித்தது. 36 ஆட்டங்களாகத் தோற்காமல் வந்த அணி தோற்றது. உலகக்கோப்பையின் தொடக்கச் சுற்று ஆட்டத்துக்கு ஃபிஃபா தரும் எடை 50. ஆகவே அர்ஜென்டினா 50 × 0.78, சுமார் 39 புள்ளிகளை இழந்தது. ஜெயித்திருந்தால் கிடைத்திருப்பது வெறும் 11. இந்தச் சமமின்மைதான் எலோ முறையின் உயிர்நாடி: எல்லோரும் எதிர்பார்த்தது நடந்தால் கற்றுக்கொள்ள அதிகம் இல்லை, எதிர்பாராதது நடந்தால் நிறைய இருக்கிறது. அதே அர்ஜென்டினா நான்கு வாரத்தில் கோப்பையை வென்றது. ஒரு தோல்வி 39 புள்ளிகளுக்கு மேல் பேசக் கூடாது என்று கட்டுப்படுத்தி வைத்த கணக்கு, அன்று தலைப்புச் செய்திகளைவிட நிதானமாக இருந்தது.

ஃபிஃபா கணக்கில் இரண்டு விஷயங்கள் விடுபடுகின்றன: கோல் வித்தியாசமும், சொந்த மண் சாதகமும். இணையத்தில் கால்பந்து ஆர்வலர்கள் பல ஆண்டுகளாக நடத்திவரும் உலகக் கால்பந்து எலோ பட்டியல் இரண்டையும் சேர்த்துக்கொள்கிறது. அதில் உள்ளூர் அணிக்கு 100 புள்ளிகள் கூடுதலாகக் கொடுத்துக் கணக்கிடுகிறார்கள், வகுக்கும் எண் 400. சம பலமுள்ள இரண்டு அணிகள் மோதினால் உள்ளூர் அணியின் எதிர்பார்ப்பு 0.5-லிருந்து 0.64 ஆகிவிடும். கணிப்பதற்கு நான் பரிந்துரைப்பது இந்தப் பட்டியலைத்தான்.

ஆனால் எல்லா ஊருக்கும் 100 தானா? பொலிவியாவின் லா பாஸ் நகரம் கடல்மட்டத்திலிருந்து சுமார் 3,600 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. 2009 ஏப்ரல் 1 அன்று, மரடோனா பயிற்சியாளராக இருந்த அர்ஜென்டினா அணி அங்கே 6–1 என்று தோற்றது. மூச்சு வாங்கும் உயரத்துக்கு 100 புள்ளி போதாது. கொரோனா காலத்தில் ஆளில்லாத மைதானங்களில் ஆடியபோது உள்ளூர் சாதகம் குறைந்ததையும், வெளியூர் அணிக்கு நடுவர்கள் காட்டிய அட்டைகள் குறைந்ததையும் ஆய்வுகள் கண்டன. கூட்டத்தின் இரைச்சல், பயணக் களைப்பு, நடுவரின் மனம், காற்றின் அடர்த்தி எல்லாவற்றையும் ஒரே எண்ணில் அடைத்திருக்கிறோம் என்பது நினைவில் இருக்கட்டும். பின்னால் இது தேவைப்படும்.

கோல்களை எண்ணும் கருவி

எலோ யார் வலுவானவர் என்று சொல்லும், ஸ்கோரைச் சொல்லாது. அதற்குப் பாய்சான் பரவல் வேண்டும். பிரெஞ்சுக் கணிதவியலாளர் சிமியோன் பாய்சான் 1837-ல் எழுதியது இது. 1898-ல் போர்ட்கீவிச் என்பவர் பிரஷ்யப் படையில் குதிரை உதைத்து இறந்த வீரர்களின் எண்ணிக்கைக்கு இதைப் பொருத்திக் காட்டினார். எப்போதாவது, ஒன்றுக்கொன்று தொடர்பில்லாமல் நடக்கும் நிகழ்வுகளை எண்ணுவதற்கு இது ஏற்றது. 90 நிமிடத்தைச் சிறுசிறு துண்டுகளாக வெட்டினால், ஒவ்வொரு துண்டிலும் கோல் விழ மிகச் சிறிய வாய்ப்பு இருக்கிறது. கால்பந்துக் கோல்கள் இந்தப் பரவலோடு ஓரளவு ஒத்துப்போகின்றன. மைக்கேல் மேஹர் என்ற புள்ளியியலாளர் 1982-ல் இதை வைத்து ஒவ்வோர் அணிக்கும் தாக்குதல் பலம், தற்காப்புப் பலம் என்று இரண்டு எண்கள் கொடுத்தார். 1997-ல் டிக்சன், கோல்ஸ் என்ற இரு புள்ளியியலாளர்கள் 0–0, 1–1 போன்ற குறைந்த ஸ்கோர்களுக்குத் திருத்தம் சேர்த்தார்கள். சமீபத்திய ஆட்டங்களுக்கு அதிக எடை தரவும் வழி சொன்னார்கள். இன்றைக்கும் பல கணிப்பு முறைகளுக்கு அடித்தளம் இந்த இரண்டு கட்டுரைகள்தான்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். முதல் அணி சராசரியாக 1.6 கோலும், இரண்டாவது அணி 1 கோலும் அடிக்கும் என்று வைத்துக்கொள்வோம். எந்த ஸ்ப்ரெட்ஷீட்டிலும் பாய்சான் ஃபங்ஷன் இருக்கும். அது சொல்வது: முதல் அணி கோலே அடிக்காமல் போக 20 சதவீதம், ஒரு கோலுக்கு 32, இரண்டுக்கு 26, மூன்றுக்கு 14. இரண்டாவது அணிக்கு 0 கோல் 37 சதவீதம், ஒரு கோலும் 37, இரண்டு 18, மூன்று 6. ஒரு ஸ்கோரின் வாய்ப்பு வேண்டுமென்றால் இரண்டையும் பெருக்க வேண்டும். 2–1 என்றால் 26 சதவீதத்தில் 37 சதவீதம், ஏறத்தாழ 9.5 சதவீதம். இப்படி எல்லா ஸ்கோர்களையும் போட்டுக் கூட்டினால் முதல் அணி ஜெயிக்க 51 சதவீதம், சமனுக்கு 25, தோல்விக்கு 24. தெளிவாக வலுவான அணிகூடப் பாதி ஆட்டங்களில்தான் ஜெயிக்கும். மிக அதிக வாய்ப்புள்ள ஸ்கோர்களான 1–0-க்கும் 1–1-க்கும்கூடத் தலா 12 சதவீதம்தான்.

இப்போது மெடிசியிடம் வருவோம். பிரேசிலுக்கு 2, இத்தாலிக்கு 1 என்று சராசரி கொடுத்தால் (இவை நான் எடுத்துக்கொண்ட எண்கள்) 4–1 வர 3.3 சதவீதம், முப்பதில் ஒன்று. அபூர்வம்தான், ஆனால் அதிசயம் இல்லை. பிரேசிலின் மக்கள்தொகை அன்று சுமார் 9 கோடி. நூற்றில் ஒருவர் 4–1 என்று சொல்லியிருந்தால்கூட 9 லட்சம் பேர் சரியாகக் கணித்தவர்கள். அந்த 9 லட்சத்தில் ஒருவர் அதிபராக இருந்ததால் அவருடைய எண் மட்டும் நினைவில் நின்றது. 2010 உலகக்கோப்பையின்போது ஜெர்மனியில் 'பால்' என்ற ஆக்டோபஸ் எட்டு ஆட்டங்களில் எட்டையும் சரியாகச் 'சொன்னது'. நாணயம் சுண்டினால் அதற்கு 256-ல் ஒரு வாய்ப்பு. அந்தக் கோடையில் எத்தனை விலங்குகளிடம் எத்தனை பேர் ஜோசியம் கேட்டிருப்பார்கள் என்று யோசித்தால் இதுவும் விளங்கும்.

ஆகவே ஒற்றைக் கணிப்பை வைத்து யாரையும் மதிப்பிட முடியாது. நாளை மழைக்கு 70 சதவீத வாய்ப்பு என்கிறது வானிலை அறிக்கை. மழை பெய்யாவிட்டால் அறிக்கை பொய்யாகிவிடாது. 70 சதவீதம் என்று சொன்ன நாட்களையெல்லாம் சேர்த்துப் பார்க்கும்போது பத்தில் ஏழு நாள் நனைந்திருக்க வேண்டும், அவ்வளவுதான். கால்பந்துக் கணிப்பாளருக்கும் அதே சோதனைதான்.

மெடிசியைப் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். அந்த உலகக்கோப்பைக்காக மிகெல் குஸ்தாவோ எழுதிய 'ப்ரா ஃப்ரென்ச்சி பிரேசில்' என்ற பாட்டு நாடெங்கும் ஒலித்தது. ஒன்பது கோடிப் பேரும் களத்தில் இறங்கிவிட்டதாகப் பாடும் துள்ளலான பாட்டு. ராணுவ அரசு அந்த உற்சாகத்தைத் தன்னுடையதாக்கிக்கொண்டது. பிறகு ரொபெர்தோ ஃபாரியாஸ் அதே பெயரில் ஒரு படம் எடுத்தார். 1970 உலகக்கோப்பை நடந்துகொண்டிருக்கும்போது, அரசியலோடு தொடர்பே இல்லாத ஒருவரைத் தவறாகப் பிடித்துச் சித்திரவதை செய்யும் கதை அது. 1982-ல் வெளிவரவிருந்த அந்தப் படத்துக்குத் தணிக்கை தற்காலிகத் தடை போட்டது. பாட்டு நல்ல பாட்டு, அந்த அணி உலகம் கண்ட மிகச் சிறந்த அணிகளில் ஒன்று. ஆனாலும் அந்தக் காலத்தை வாழ்ந்து கடந்தவர்கள் பலருக்கு அதை மனம் ஒப்பிக் கேட்க முடிவதில்லை. கால்பந்து முடிவுகளுக்கும் இதே சங்கடம் உண்டு. அதற்கான உதாரணம் எட்டு ஆண்டு கழித்து, அதே ஜூன் 21-ஆம் தேதி நடந்தது.

6–0 என்ன சொல்கிறது?

1978 உலகக்கோப்பையை நடத்தியது அர்ஜென்டினா. 1976-ல் ஆட்சியைப் பிடித்த ராணுவக் குழுவுக்கு ஹோர்கே விடேலா தலைவர். அந்த ஆட்சியில் காணாமல்போனவர்கள் 30,000 பேர் என்கின்றன மனித உரிமை அமைப்புகள். இறுதி ஆட்டம் நடந்த மோனுமென்டல் மைதானத்திலிருந்து நடந்து போகும் தூரத்தில் கடற்படை இயந்திரப் பள்ளி இருந்தது. அதுதான் அந்த ஆட்சியின் பெரிய ரகசியச் சிறைகளில் ஒன்று. போட்டியின் சின்னத்தில்கூட ஒரு வரலாறு ஒளிந்திருந்தது. பந்தைத் தாங்கும் இரண்டு நீல-வெள்ளைக் கோடுகள், கூட்டத்தைப் பார்த்து இரு கைகளையும் உயர்த்தும் முன்னாள் அதிபர் பெரோனின் பாவனையிலிருந்து எடுக்கப்பட்டவை. பெரோனின் மனைவியின் அரசைக் கவிழ்த்து வந்த ராணுவம், சின்னத்தை மாற்ற நேரம் கடந்துவிட்டதால் அதையே வைத்துக்கொண்டது.

இரண்டாம் சுற்றில் அர்ஜென்டினா, பிரேசில், பெரு, போலந்து ஒரே குழுவில். கடைசி நாளில் பிரேசில் முதலில் ஆடி போலந்தை 3–1 என்று வென்றது. அதன் பிறகு ரொசாரியோ நகரில் களமிறங்கிய அர்ஜென்டினாவுக்குத் தேவை என்னவென்று துல்லியமாகத் தெரியும்: குறைந்தது நான்கு கோல் வித்தியாசம். பெரு சாதாரண அணி இல்லை; முதல் சுற்றில் ஸ்காட்லாந்தை 3–1 என்று வென்று, நெதர்லாந்தோடு 0–0 என்று சமன் செய்து குழுவில் முதலிடம் பிடித்தது. ஆட்டம் 6–0 என்று முடிந்தது. ஆட்டத்துக்கு முன் விடேலாவும் அமெரிக்காவின் முன்னாள் வெளியுறவு அமைச்சர் கிஸ்ஸிங்கரும் பெரு வீரர்களின் உடைமாற்றும் அறைக்கு வந்தார்கள் என்று அந்த வீரர்களே சொல்லியிருக்கிறார்கள். பெருவிலும் அப்போது ராணுவ ஆட்சி. பேரம் நடந்தது என்ற குற்றச்சாட்டு இன்றுவரை தொடர்கிறது, நிரூபிக்கப்படவில்லை.

நம் கருவியை வைத்துப் பார்ப்போம். அர்ஜென்டினாவுக்கு 2, பெருவுக்கு 0.8 என்று சராசரி எடுத்தால், சரியாக 6–0 வர 0.5 சதவீதம், இருநூறில் ஒன்று. உடனே 'பார்த்தீர்களா!' என்று குதித்துவிடக் கூடாது. எந்தத் துல்லியமான ஸ்கோரை எடுத்தாலும் சிறிய எண்தான் வரும். 5–0 என்றாலும் அதே சந்தேகம் எழுந்திருக்கும். கேட்க வேண்டிய கேள்வி: நான்கு கோலுக்குக் குறையாத வித்தியாசத்தில் ஜெயிக்க எவ்வளவு வாய்ப்பு? விடை 8.6 சதவீதம், பன்னிரண்டில் ஒன்று. கோல் தேவை என்று தெரிந்து முழுமூச்சாகத் தாக்கும் அணிக்குச் சராசரியை 2.5 ஆக்கினால் 15 சதவீதம். இருநூறில் ஒன்றாக இருந்தது ஏழில் ஒன்றை நெருங்கிவிட்டது. எண் மாறியது கேள்வியை ஒழுங்காகக் கேட்டதால்.

இன்னும் ஒரு படி போகலாம். பேரம் நடந்திருந்தால் அந்த முடிவு கிட்டத்தட்ட நிச்சயம். நடக்காவிட்டால் பன்னிரண்டில் ஒன்று. ஆகவே 'நடந்தது', 'நடக்கவில்லை' என்ற இரண்டுக்கும் நாம் கொடுக்கும் விகிதத்தை இந்த ஸ்கோர் அதிகபட்சம் பன்னிரண்டு மடங்கு கூட்டலாம்: 1-க்கு 99 என்பது 12-க்கு 99 ஆகும், 1-க்கு 1 என்பது 12-க்கு 1 ஆகும். ஆட்டத்துக்கு முன் நூற்றில் ஒரு பங்கு சந்தேகப்பட்டவர் இப்போது ஒன்பதில் ஒரு பங்கு சந்தேகப்பட நியாயம் உண்டு. முன்பே பாதிக்குப் பாதி சந்தேகப்பட்டவருக்கு அது 92 சதவீதம் ஆகிவிடும். இருவரும் ஒரே ஸ்கோரைத்தான் பார்த்தார்கள். வேறுபாடு ஸ்கோருக்கு வெளியே இருந்து வந்தது: அந்த அறைக்கு யார் வந்தார்கள், அட்டவணையை யார் வகுத்தார்கள், மறுத்தால் என்ன ஆகும் என்று அந்த வீரர்கள் பயந்தார்களா. இவற்றுக்குச் சாட்சியும் ஆவணமும்தான் பதில் சொல்ல முடியும். ஸ்கோரை மட்டும் காட்டி 'நிரூபணம்' என்பவரும், 'எண்ணில் ஒன்றும் இல்லை, எல்லாம் சுத்தம்' என்பவரும் எண்ணிடம் கேட்கக் கூடாததைக் கேட்கிறார்கள்.

உள்ளூர் சாதகம் என்று நாம் கொடுத்த அந்த 100 புள்ளிகள் எங்கிருந்து வந்தன என்று இப்போது யோசித்துப் பாருங்கள். உலகக்கோப்பையை 2022 வரை ஆறு முறை போட்டியை நடத்திய நாடே வென்றிருக்கிறது: உருகுவே, இத்தாலி, இங்கிலாந்து, மேற்கு ஜெர்மனி, அர்ஜென்டினா, பிரான்ஸ். இதில் 1934-ன் இத்தாலி முசோலினியுடையது, 1978-ன் அர்ஜென்டினா விடேலாவுடையது. பழைய முடிவுகளிலிருந்து சராசரி எடுக்கும்போது, ரசிகர்களின் ஆரவாரத்தோடு வேறு சிலவும் 'சொந்த மண்' என்ற பெயரில் உள்ளே நுழைந்துவிடுகின்றன.

தொடங்க விரும்புபவருக்கு

1872-ல் ஸ்காட்லாந்தும் இங்கிலாந்தும் 0–0 என்று சமன் செய்த முதல் சர்வதேச ஆட்டத்திலிருந்து இன்றுவரையிலான முடிவுகள் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. எல்லா அணிகளுக்கும் 1500 புள்ளி கொடுத்து, தேதி வரிசையில் எலோ கணக்கை ஓட்டுங்கள். கடைசிச் சில ஆண்டு ஆட்டங்களை மறைத்து வைத்து, அவற்றைக் கணித்துப் பாருங்கள். 60 சதவீதம் என்று சொன்னவை உண்மையில் 60 சதவீதம் நடந்தனவா என்று எண்ணுங்கள்.

தரவை ஏற்றும்போதே ஒரு முடிவு எடுக்க வேண்டியிருக்கும். 1973 நவம்பர் 21 அன்று சிலியின் சாண்டியாகோ தேசிய மைதானத்தில் சிலிக்கும் சோவியத் ஒன்றியத்துக்கும் உலகக்கோப்பைத் தகுதி ஆட்டம். ராணுவத் தளபதி பினோசேயின் செப்டம்பர் ஆட்சிக்கவிழ்ப்புக்குப் பிறகு அந்த மைதானம் ஆயிரக்கணக்கானோரை அடைத்துச் சித்திரவதை செய்த முகாமாக இருந்தது. சோவியத் அணி அங்கே ஆட மறுத்தது. எதிரணியே இல்லாத களத்தில் சிலி வீரர்கள் பந்தை உருட்டிக்கொண்டு போய்க் காலிக் கம்பத்துக்குள் தள்ளினார்கள். ஃபிஃபா சிலிக்கு 2–0 என்று வெற்றி கொடுத்தது.

இந்த வரி உங்கள் பட்டியலில் இருந்தால் நீக்கிவிடுங்கள். அங்கே ஆட்டம் நடக்கவில்லை. அதிலிருந்து எந்த அணியின் பலத்தையும் கற்க முடியாது. 1978-ன் 6–0 வரியை நான் நீக்கமாட்டேன். இருபத்திரண்டு பேர் 90 நிமிடம் ஆடினார்கள், அதற்கு மேல் உறுதியாகச் சொல்ல நம்மிடம் நிரூபணம் இல்லை. ஆனால் பக்கத்தில் ஒரு குறிப்புப் பத்தி திறந்து, எங்கே, எந்த ஆட்சியில், எந்த நிலையில் அந்த ஆட்டம் நடந்தது என்று எழுதிவைப்பேன். உள்ளூர் சாதகத்தைக் கணக்கிடும்போது அந்த வரியோடு ஒருமுறை, அது இல்லாமல் ஒருமுறை ஓட்டிப் பார்த்து, இரண்டு விடைகளையும் வெளியிடுவேன்.